மணி பார்த்து விழுங்க வேண்டிய மாத்திரை

வணக்கம் நேயர்களே. பார்க்கின்சன் நோய்க்கான மருந்துகளைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். நான் மருத்துவர் அல்ல, மருந்தாளர். மருத்துவர் எழுதித் தந்ததை எடுத்துக் கொடுத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அனுப்புவது என் வேலை. அதனால் நோயைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்வேன். மாத்திரையைப் பற்றித்தான் பேச்சு.

நம் வீடுகளில் இதை நடுக்குவாதம் என்பார்கள். 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிலருக்குக் கை நடுக்கமே இருக்காது; உடல் இறுகும், நடை தளரும், சட்டைப் பொத்தான் போடவே பத்து நிமிடம் ஆகும். மூளையில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்துகொண்டே போவதுதான் காரணம். டோபமினையே மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது. லெவோடோபா என்ற மருந்து நுழையும்; உள்ளே போய் டோபமினாக மாறும். 1960-களின் கடைசியிலிருந்து இதுதான் முக்கிய மருந்து. இங்கே சிங்கப்பூரில் உங்கள் கைக்கு வரும் மடோபார், சினமெட் இரண்டிலும் இருப்பது அதுதான். கூடவே ஒரு துணை மருந்தும் இருக்கும். லெவோடோபா வழியிலேயே டோபமினாக மாறிக் குமட்டலை உண்டாக்காமல் அது பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், நாம் மருந்தைச் சாப்பாட்டோடு சேர்த்தே பழகியவர்கள். காலை, மதியம், இரவு, மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அப்படிச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அது கைப்பழக்கமாகிவிட்டது. இந்த மாத்திரைக்கு அந்தப் பழக்கம் ஒத்துவராது. இரத்தத்தில் லெவோடோபாவின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்கத்தில் மூளை கொஞ்சம் சேமித்து வைத்துச் சமாளிக்கும், அரை மணி தாமதமானாலும் பெரிதாகத் தெரியாது. ஆண்டுகள் போகப் போக அந்தச் சேமிப்பு இருக்காது. எட்டு மணி மாத்திரையை ஒன்பதுக்குக் கொடுத்தால் அந்த ஒரு மணி நேரமும் அவர் நாற்காலியில் உறைந்து உட்கார்ந்திருப்பார். பிடிவாதமென்று வீட்டில் கோபப்படுவார்கள். பாவம், அவருக்கு எழுந்திருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஆன்ட்டி என்னிடம் கேட்டார்: “ஏம்மா, இவரு காலையில மாத்திரை போட்டும் பதினோரு மணி வரைக்கும் சிலையாட்டம் உட்கார்ந்திருக்காரு. மாத்திரை போலியா?” காலையில் என்னென்ன கொடுக்கிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஏழரை மணிக்கு இட்லி, சாம்பார், அவித்த முட்டை இரண்டு. பிறகு பால் ஊற்றிய தேநீர். அதோடு மடோபார், இரத்தசோகைக்காகப் பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, எல்லாம் ஒரே வாயில். “ஞாபகமா எல்லாத்தையும் ஒண்ணா கொடுத்துடுவேம்மா,” என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

மாத்திரை போலி இல்லை. முட்டை, பருப்பு, பால், இறைச்சி எல்லாம் புரதம். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போவது ஒரே வாசல் வழியாக. கூட்டம் அதிகமானால் மாத்திரை வெளியே வரிசையில் நிற்க வேண்டியதுதான். இரும்புச்சத்து அதைவிட மோசம். அது குடலிலேயே லெவோடோபாவைப் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். அந்த வீட்டில் மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டது இவ்வளவுதான்: மடோபார் காலை ஏழு மணிக்கு வெறும் தண்ணீரோடு, பசியாறுவது ஏழே முக்காலுக்கு, இரும்பு மாத்திரை இரவு படுக்கும் முன். மருந்தின் அளவு ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை. அடுத்த முறை வந்தபோது அவர் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், இல்லையென்றால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் இரண்டு பிஸ்கட் சாப்பிடலாம். அதற்காக முட்டையும் மீனும் வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இந்த நோயில் எடை குறைவது சகஜம், உடம்புக்குப் புரதம் தேவை. ஒரு வேளை மாத்திரையை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதா, மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பது பணிப்பெண் என்றால், நேரத்தை அவருக்குப் புரியும் மொழியில் எழுதி ஒட்டி, ஏன் அந்த நேரம் என்பதையும் சொல்லிவையுங்கள். காரணம் தெரியாதவருக்கு, தாத்தா தூங்குகிறார், எழுந்த பிறகு கொடுக்கலாம் என்றுதான் தோன்றும்.

அடுத்தது, எனக்கு அதிகக் கவலை தரும் விஷயம். இந்த நோயாளிகளுக்கு உட்கார்ந்து எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், குமட்டலும் வரும். உடனே வீட்டுக்குக் கீழே இருக்கும் மருந்தகத்துக்கு, அதாவது கிளினிக்குக்கு, போவார்கள். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் என்று சின்ன பிளாஸ்டிக் பையில் மாத்திரை கிடைக்கும். அந்தப் பையில் ஸ்டெமெட்டில் என்றோ புரோகுளோர்பெரசின் என்றோ, மாக்ஸலான் என்றோ மெட்டோகுளோபிரமைடு என்றோ இருந்தால், தயவுசெய்து வாயில் போடாதீர்கள். இவை மூளையில் டோபமின் வேலை செய்யும் இடத்தையே அடைக்கின்றன. ஒரு பக்கம் மடோபார் கொடுத்துவிட்டு மறுபக்கம் கதவைப் பூட்டுகிறோம். தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனரிசின் இரண்டும் இதே வகைத் தொந்தரவு செய்யும். ஆள் முடங்கிப்போவார், நோய் முற்றிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள், மருந்தைக் கூட்டுவார்கள். மருத்துவரைக் குறை சொல்லவில்லை. பார்க்கின்சன் இருப்பது அவருக்குத் தெரிந்தால் வேறு மருந்து தருவார். டோம்பெரிடோன் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், இதய நோய் இருந்தால் மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும். ஆகவே எந்த மருந்தகத்துக்குப் போனாலும், பல் மருத்துவரிடம் போனாலும்கூட, முதல் வாக்கியம் “எனக்குப் பார்க்கின்சன் இருக்கிறது, இந்த மாத்திரைகள் சாப்பிடுகிறேன்” என்பதாக இருக்கட்டும்.

பார்க்கின்சனுக்கே தரும் வேறு மாத்திரைகளான செலஜிலின், ரசஜிலின் சாப்பிடுபவர்கள் இருமல் மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். அதில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால் ஆபத்து. டிராமடால் என்ற வலி மாத்திரையும் அப்படித்தான்.

இதே நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் மாத்திரைகளுக்கும் ரொட்டிகொடின் ஒட்டுப்பட்டைக்கும் ஒரு விசித்திரமான பக்கவிளைவு உண்டு. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். சிலருக்கு அடக்க முடியாத உந்துதல் வரும். வாழ்நாளெல்லாம் ஒரு 4டி லாட்டரிச் சீட்டு வாங்காதவர் தினமும் வரிசையில் நிற்பார், சூதாட்டக் கூடத்துக்குப் போவார், இணையத்தில் கண்டதை வாங்கிக் குவிப்பார். சிலருக்குக் காம இச்சை கூடும். இதைக் குணக்கேடு என்று நினைத்துச் சண்டை போடுகிறார்கள். இது மருந்தின் வேலை; அளவைக் குறைத்தால் பெரும்பாலும் அடங்கும். வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதே மருந்துகளால் திடீரென்று தூக்கம் கண்ணைச் சுழற்றும் என்பதால், கார் ஓட்டுபவர்கள் அதையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

லெவோடோபாவோடு சேர்த்துத் தரும் என்டகபோன் சாப்பிட்டால் சிறுநீர் செம்பழுப்பாகப் போகும், பயப்பட ஒன்றுமில்லை. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்காதீர்கள், மெல்லாதீர்கள். விழுங்கச் சிரமமாக இருந்தால் தண்ணீரில் கரையும் வகை இருக்கிறது, கேளுங்கள்.

நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது. லெவோடோபாவைத் திடீரென்று விட்டால் கடும் காய்ச்சலும் தசை இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். விரதம் இருப்பவர்களுக்கும் இதுதான் பேச்சு. தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ, சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். மருத்துவமனையில் சேர்ந்தாலும் தாதியரிடம் உங்கள் மாத்திரை நேரத்தை எழுதிக் கொடுங்கள். மருந்து வண்டி வரும் நேரமும் உங்கள் நேரமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். அறுவை சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால், இந்த மாத்திரையை என்ன செய்வது என்று தனியாகக் கேளுங்கள்.

பூனைக்காலி விதைப் பொடியைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அதில் இருப்பதும் லெவோடோபாதான். இயற்கை என்று நினைத்து மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால், எவ்வளவு உள்ளே போகிறது என்று யாருக்கும் தெரியாது. கை கால் தானாக ஆடும், பிரமை தோன்றும். சாப்பிடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள்.

கடைசியாக ஊருக்குப் போகிறவர்களுக்கு. மருந்து கைப்பையில் இருக்கட்டும். பெட்டியில் போட்டு, பெட்டி வேறு ஊருக்குப் போனால் திண்டாட்டம். இந்தியா நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே காலை எட்டு என்றால் சென்னையில் ஐந்தரை. அங்கே இறங்கிய முதல் நாள் கடிகாரத்தை விட்டுவிட்டு, போன மாத்திரைக்குப் பிறகு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ணுங்கள். கையிருப்பு தீர்ந்து அங்கே வாங்க நேர்ந்தால் மருந்துப் பெட்டி மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். மடோபார் 250-இல் லெவோடோபா 200 மில்லிகிராம்; அங்கே விற்கும் சின்டோபா 275-இல் 250. எண் கிட்டத்தட்ட ஒன்றுதான், மருந்து 50 மில்லிகிராம் கூடுதல், துணை மருந்தும் வேறு. இங்கிருந்து கிளம்பும்போதே மருந்தின் பெயர், லெவோடோபா எத்தனை மில்லிகிராம், எந்தெந்த மணிக்கு என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் எந்த மருந்தாளரும் எழுதித் தருவார்.

நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வணக்கம்.