அம்மா காதில் கிணற்றுக் குரல்: 89 வெள்ளி இயர்பட்ஸை வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா?

சரி, அடுத்த கேள்வி. இங்கே சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ஈப்போவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை, தினமும் பஸ் பயணம். அப்படியே படிக்கிறேன். "அண்ணே, 89 வெள்ளிக்கு ஆன்லைனில் இயர்பட்ஸ் வாங்கினேன். பாட்டு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்திலிருந்து பேசினால் அம்மா, 'என்னடி, கிணத்துக்குள்ள இருந்து பேசுற?' என்கிறார். வலது பக்கம் அடிக்கடி கழன்று விழுகிறது. பெட்டியில் 40 மணி நேரம் என்று போட்டிருக்கிறான், நாலு மணி நேரத்தில் சார்ஜ் இல்லை என்று கத்துகிறது. திருப்பி அனுப்ப ஞாயிற்றுக்கிழமை வரைதான் நேரம். அனுப்பிவிடவா, வைத்துக்கொள்ளவா?"

தங்கச்சி, முதலில் ஒன்று கேட்கிறேன். பெட்டியைத் தூக்கிப் போடவில்லையே? போட்டிருந்தால் இப்போதே போய்க் குப்பைத் தொட்டியைக் கிளறுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

இயர்பட்ஸ் வந்த அன்றைக்கு நாம் எல்லோரும் செய்வது ஒன்றுதான். வீட்டில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்து பிடித்த பாட்டைப் போட்டு, ஆகா நல்லா இருக்கே என்று தலையாட்டுவோம், அதோடு சோதனை முடிந்தது. பெண் பார்க்க வந்த அன்றைக்கு எந்த மாப்பிள்ளையும் சாதுவாகத்தான் உட்கார்ந்திருப்பார். இந்தச் சாமானும் அப்படித்தான். பஸ் இரைச்சலில், தகரக் கூரை மழையில், வியர்த்து வழியும் வெயிலில், அம்மா எடுக்கும் போனில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். நீங்கள் பார்த்துவிட்டீர்கள், அதனால்தான் குறை தெரிகிறது. இப்போது இதில் எது சாமானின் குறை, எது நாம் சரி செய்துகொள்ளக்கூடியது என்று மட்டும் பிரிப்போம்.

அந்த வலது காதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பெட்டிக்குள் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் சிலிக்கோன் ரப்பர் இருந்திருக்கும், சின்னதில் ஒரு ஜோடி, பெரியதில் ஒரு ஜோடி. பெரும்பாலும் அந்தப் பையை யாரும் பிரிப்பதே இல்லை, பட்ஸில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நடு அளவோடு காலத்தை ஓட்டிவிடுகிறோம். மனிதனுக்கு இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனக்கு இடது பக்கம் நடு அளவு, வலது பக்கம் பெரியது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருசம் ஆனது, அதற்குள் ஒரு பட் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நேராக லொங்கானில், அதாவது சாலையோரச் சாக்கடையில், விழுந்து மிதந்து போய்விட்டது. மழை பெய்து முடிந்த நேரம், சேறு கலந்த தண்ணீர். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன்.

அளவு சரியா இல்லையா என்று பார்க்க நான் உறுமி மேளம் போடுவேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன். தைப்பூசத்தில் எடுத்த நல்ல உறுமி மேளப் பதிவு ஒன்று உங்கள் போனிலேயே இருக்கும். அதைப் போட்டுவிட்டு, விரலால் பட்டை மெல்லக் காதுக்குள் அழுத்துங்கள். அழுத்தியதும் அந்த அடி, 'தும்' என்ற அந்தக் கனம், திடீரென்று கூடினால் ரப்பருக்கும் காதுக்கும் நடுவில் சந்து இருக்கிறது என்று அர்த்தம். கனமான ஓசைதான் முதலில் அந்தச் சந்து வழியாகக் கசிந்து போகும். அழுத்தினாலும் அழுத்தாவிட்டாலும் ஒரே மாதிரி கேட்டால் ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறது. பலர் இந்தச் சந்தை வைத்துக்கொண்டுதான் 'பேஸே இல்லை, மலிவுச் சாமான்' என்று திட்டுகிறார்கள், ஐந்நூறு வெள்ளிச் சாமானும் சந்து இருந்தால் தகர டப்பா மாதிரிதான் கேட்கும். அப்புறம் ஒரு முறுக்கை எடுத்துக் கடித்துப் பாருங்கள். வாய் அசையும்போது காதுத் துவாரத்தின் வடிவமும் கொஞ்சம் மாறும், அதனால்தான் சும்மா உட்கார்ந்திருந்தால் விழாதது பேச ஆரம்பித்ததும் விழுகிறது. வலது பக்கம் மட்டும் பெரிய ரப்பரை மாட்டி, மாட்டும்போது கொஞ்சம் திருகி உள்ளே தள்ளி, முறுக்கு முடியும்வரை நின்றால் போதும். பெரியது வலித்தால் விட்டுவிடுங்கள், இரண்டு மணி நேரத்தில் வலிக்கிற சாமானை நாளை நீங்கள் மாட்டவே மாட்டீர்கள்.

இப்போது கிணறு. இதுதான் உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது. பாட்டு நன்றாகக் கேட்கிறது, பேசினால் மட்டும் மோசம் என்றால் பலருக்குப் புரிவதில்லை. ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறொரு வழி. போன் அழைப்பு வந்ததும் பட்ஸ் பாட்டு வழியை விட்டுவிட்டுப் பேச்சு வழிக்கு மாறும். அங்கே குரல் போகவும் வேண்டும், வரவும் வேண்டும், அதனால் ஒலியின் தரம் நன்றாக இறங்கும். பழைய முறையில் குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து அனுப்பும், கொஞ்சம் புதியதில் 16,000 தடவை. பாட்டுக்கு 44,100 வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். இது விலை கூடிய சாமானிலும் பெரும்பாலும் இப்படித்தான். அதோடு மைக் உங்கள் காதில் இருக்கிறது, வாய் எங்கேயோ இருக்கிறது. பெரிய சாலையில் லோரி போகும்போது எது உங்கள் குரல், எது லோரி என்று உள்ளே இருக்கிற சில்லு கணக்குப் போட்டு வெட்டுகிறது. மலிவான சாமானில் அந்தக் கணக்கு முரட்டுத்தனமாக இருக்கும், லோரியோடு சேர்த்து உங்கள் குரலிலும் பாதியை வெட்டிவிடும். மிச்சம் போய்ச் சேருவதுதான் அம்மா கேட்கிற கிணற்றுக் குரல்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கப் போன பிறகு அமைதியான அறையிலிருந்து யாருக்காவது பேசுங்கள். அங்கேயும் கிணறு என்றால் மைக்கே கோளாறு, யோசிக்காமல் அனுப்பிவிடுங்கள். அறையில் நன்றாக இருந்து பஸ் நிற்கும் இடத்தில் மட்டும் மோசம் என்றால் சாமானின் தகுதி அவ்வளவுதான். மறுநாள் அதே இடத்தில், அதே நேரத்தில், ஒரு நிமிடம் பட்ஸோடும் ஒரு நிமிடம் போனைக் காதில் வைத்தும் பேசி, அம்மாவையே கேளுங்கள். முடிந்தால் பேச்சுக்கு ஒரு பக்கம் மட்டும் மாட்டி, இடது வலது மாற்றிப் பாருங்கள். சில ஜோடிகளில் ஒரு பக்க மைக் துளையில் தூசியோ பிளாஸ்டிக் பிசிறோ அடைத்திருக்கும். குரல் பதிவு செய்து நீங்களே கேட்பது மட்டும் போதாது, அழைப்பில் நடப்பது வேறு.

சார்ஜ் விஷயத்தில் கடைக்காரன் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுசாகவும் சொல்லவில்லை. 40 மணி நேரம் என்பது பட்ஸும், அதை வைத்துச் சார்ஜ் ஏற்றுகிற குட்டிப் பெட்டியான கேஸும் சேர்ந்த கணக்கு. பட்ஸ் ஒரு தடவைக்கு 8 மணி நேரம், கேஸ் இன்னும் நாலு தடவை நிரப்பும், கூட்டினால் 40. அந்த எட்டும் பெரும்பாலும் சத்தத்தைப் பாதியில் வைத்து, இரைச்சல் நீக்கியை அணைத்துவிட்டு, வெறும் பாட்டு மட்டும் போட்டு எடுத்தது. நீங்கள் இரைச்சல் நீக்கியையும் போட்டு, அம்மாவோடும் பேசி, சத்தத்தையும் ஏற்றினால் நாலு, ஐந்து மணி நேரத்துக்கு இறங்குவது வழக்கம்தான். இதை மட்டும் வைத்துத் திருப்பி அனுப்ப மாட்டேன். ஆனால் ஒரு பக்கம் நாலு மணி நேரமும் இன்னொரு பக்கம் இரண்டு மணி நேரமும் தாங்கினால் கதை வேறு, அது பழுது. இரண்டும் எப்போது அணைகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் இன்னொன்று. தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்கிற பழக்கம் உண்டா? எனக்கு உண்டு. போன வருசம் என் இடது பட் செத்துவிட்டது என்று பட்டணத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்த பையன் கேஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பஞ்சுக் குச்சியை எடுத்தான், கொஞ்சம் ஆல்கஹால் தொட்டான், உள்ளே இருக்கிற அந்த இரண்டு தங்க நிற முள்ளையும் பட்டின் அடியில் இருக்கிற புள்ளிகளையும் துடைத்தான். பஞ்சு மஞ்சளும் கறுப்புமாக வந்தது. எண்ணெய், வியர்வை, காது அழுக்கு எல்லாம் சேர்ந்து ஒரு பூச்சு. விளக்கு எரிந்தது. ஐந்து வெள்ளி வாங்கிக்கொண்டு, "அண்ணே, எண்ணெய்யைக் கொஞ்சம் குறைங்க" என்றான். புதுச் சாமானில் இவ்வளவு அழுக்கு சேர்ந்திருக்காது, இருந்தாலும் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கணக்கெடுங்கள்.

இரைச்சல் நீக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பஸ்ஸில் போகிறவர் என்பதால் சொல்கிறேன். பஸ் இயந்திரத்தின் உறுமல், காற்றாடி, குளிர்சாதனம் மாதிரி ஒரே சீராக ஓடுகிற தாழ்ந்த ஓசையைத்தான் அது நன்றாகக் குறைக்கும். வெளியில் வரும் ஒலியை மைக்கில் பிடித்து, அதற்கு எதிர் அலையை உள்ளே விடுவதுதான் அதன் வேலை. பின் இருக்கையில் இரண்டு அக்காமார் கல்யாணக் கதை பேசினால் அது நின்றுவிடாது. தகரக் கூரையில் கொட்டுகிற மழையும் அப்படித்தான், அதைத் தடுப்பது ரப்பரின் இறுக்கம். பஸ் ஓடும்போது போட்டும் அணைத்தும் பாருங்கள், உறுமல் குறைந்தால் வேலை செய்கிறது. இதன் பெரிய லாபமே சத்தத்தை ஏற்ற வேண்டியதில்லை என்பதுதான். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 ஆக்கினால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். போக வர பஸ்ஸிலேயே அது இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும்.

தொழிற்சாலைக்குள் இதைப் போட வேண்டாம். மெஷின் சத்தம் 85 டெசிபலுக்கு மேல் போகிற இடத்தில் காதுக் காப்பு கொடுக்க வேண்டும் என்று மலேசியாவில் 2019 ஒலி விதிமுறை இருக்கிறது, அந்தக் காப்புக்கு இயர்பட்ஸ் மாற்று கிடையாது. இது தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான். எங்கள் மாமா ஒருவர் இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு செம்பனை வெட்டப் போவார். மட்டை விழுகிறது என்று பக்கத்து ஆள் கத்தினால் யாருக்குக் கேட்கும்? மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் வேண்டாம்.

மழைக்கு, பெட்டியில் தண்ணீர் தாங்கும் தகுதியைக் காட்டுகிற ஐ.பி.எக்ஸ் (IPX) 4 அல்லது 5 என்று இருந்தால் தூறலும் வியர்வையும் தாங்கும். அந்த எக்ஸ் என்பது தூசிக்குச் சோதிக்கவில்லை என்பதற்கான அடையாளம். கேஸுக்கு அந்தத் தகுதி பெரும்பாலும் கிடையாது, ஈரத்தோடு பட்ஸைக் கேஸுக்குள் போட்டு மூடினால் அந்தத் தங்க முள் அரிக்கும். ப்ளூடூத் எத்தனையாவது பதிப்பு, ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக் எது என்றெல்லாம் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பஸ்ஸில் அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. மலேசியத் தரச் சான்றான சிரிம் (SIRIM) முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், இந்த மாதிரி கம்பியில்லாச் சாதனத்துக்கு இங்கே அந்தச் சான்று வேண்டும்.

அனுப்புவதாக இருந்தால் ஞாயிறு இரவு வரை காத்திருக்காதீர்கள். மைக் சோதனை, ஒரு பக்கம் அணைவது, இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து, கடைக்காரருக்கு எழுத்தில் அனுப்புங்கள். "பிடிக்கவில்லை" என்று எழுதாமல், "அமைதியான அறையிலும் குரல் தெளிவில்லை" என்று நடந்ததை எழுதுங்கள். பழுதான சாமானுக்கும் காசு தர மாட்டேன் என்று இழுத்தால் பயனீட்டாளர் உரிமைக் கோரல் மன்றம் இருக்கிறது. மனு போட 5 வெள்ளிதான், வக்கீலும் வேண்டாம். 89 வெள்ளிக்கு அங்கே போவதா என்று நினைப்பீர்கள், அந்தப் பெயரைச் சொன்னாலே சிலர் காசைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள், எனக்கே அப்படி நடந்திருக்கிறது.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தாங்கினால் சார்ஜுக்காக அனுப்ப வேண்டாம், வலது காதுக்காகவும் வேண்டாம், ரப்பர் மாற்றினால் போகும். ஆனால் நீங்கள் இதை வாங்கியதே வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவோடு பேசத்தான் என்றால், மேலே சொன்னபடி பார்த்த பிறகும் அதே இடத்திலிருந்து நீங்கள் பேசும்போது அவர் 'கிணறு' என்று சொன்னால், பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அனுப்பிவிடுங்கள். அந்தக் காசில் மைக் உள்ள கம்பி இயர்போன் வாங்கினாலே நன்றாகப் பேசலாம், மிச்சக் காசும் இருக்கும், போனில் கம்பியைச் செருகும் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கு அம்மா என்ன சொன்னார் என்று எழுதுங்கள் தங்கச்சி. சரி, அடுத்தது, கிள்ளானிலிருந்து ஒரு அண்ணன் பவர் பேங்க் வீங்கிவிட்டது என்கிறார். அண்ணே, அதை முதலில் படுக்கையிலிருந்து எடுத்து வெளியே வையுங்கள்.