ஏப்ரல் 16, மூன்று மணிக்கு ஒரு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 15 என்றால் எங்கள் காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அன்றுதான் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பம். ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மறுநாள் ஏப்ரல் 16-க்கு எந்த விசேஷமும் கிடையாது. ஆனால் உலக சினிமா பார்ப்பவர்கள் பலருக்கு அந்தத் தேதி மனப்பாடம்.

காரணம், ஹாங்காங் இயக்குநர் வோங் கர்-வாய் 1990-இல் எடுத்த 'டேஸ் ஆஃப் பீயிங் வைல்ட்'. கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் நாயகன் வந்து, தன் கைக்கடிகாரத்தை ஒரு நிமிடம் பார்க்கச் சொல்கிறான். முள் நகர்கிறது. 1960 ஏப்ரல் 16, பிற்பகல் மூன்று மணிக்கு முந்தைய அந்த ஒரு நிமிடம் நாம் சேர்ந்திருந்தோம், இனி யாரும் அதை மாற்ற முடியாது என்கிறான். நாட்டுக்கோ ஊருக்கோ அந்த நாளில் எதுவும் நடக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அது வாழ்க்கையின் தேதியாகிவிடுகிறது. பிறகு அவன் அவளை விட்டுப் போய்விடுகிறான். கடைசியில், நாயகன் குண்டடி பட்டு ரயிலில் சாகக் கிடக்கும்போது வேறொருவன் அந்தத் தேதியைக் கேட்கிறான். நாயகனுக்கு நினைவிருக்கிறது. ஆனால் அவளைப் பார்த்தால், மறந்துவிட்டேன் என்று சொல்லிவிடு என்கிறான். ஒரு தேதிக்குள் இவ்வளவு பாசத்தையும் இவ்வளவு கொடுமையையும் வைத்த வேறொரு படத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம் இயக்குநர் ஆக்னஸ் வார்தாவின் 'க்ளியோ, 5 முதல் 7 வரை'. 1962-இல் வந்த பிரெஞ்சுப் படம். மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறாள் ஒரு பாடகி. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயம். ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்தவர்களுக்கு அந்த நேரத்தின் கனம் தெரியும். படத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று எழுத்தில் வருகிறது. கதை நடக்கும் நாள் ஜூன் 21, வருஷத்திலேயே நீண்ட பகல். தலைப்பு இரண்டு மணி நேரம் என்கிறது, படமோ சுமார் ஆறரை மணியிலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமுள்ள அரை மணி நேரம் அவளுக்கே சொந்தம், நாம் அதற்குள் போக முடியாது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

வடசென்னைக் கதை என்றால் நம் படங்களிலும் திரையில் வருஷம் எழுதிக் காட்டுகிறார்கள். பெரும்பாலும் யார் யாரை எப்போது வெட்டினான் என்று கணக்கு வைத்துக்கொள்ளத்தான். இங்கே தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு நிற்கும் அக்காக்களின் நேரம் யார் படத்திலும் முழுசாக வந்ததில்லை என்பது எனக்கு வருத்தம். லாரி வரும்வரை காட்சியைத் துண்டிக்காமல் அந்த நிற்றலையே காட்டினால் அது எவ்வளவு பெரிய காட்சி!

ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளிடம் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த தடைக்காலத்தில் கேமராவோடு துறைமுகத்துக்கு வாருங்கள். வலை பின்னும் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். அந்த 61 நாளில் அவர் மறக்காத தேதி எது என்று கேட்டு, அதிலிருந்து உங்கள் படத்தைத் தொடங்குங்கள். வணக்கம்.