பாதி வெட்டிய பனிவீடு

நண்பர்களே, வணக்கம்.

ஒரு பனிவீட்டில் தொடங்குகிறேன். தோல் போர்வைக்குள்ளிருந்து ஒரு குடும்பம் விழித்து எழுகிறது. இரவில் விறைத்துப்போன கணவனின் காலணியை மனைவி பல்லால் மென்று மென்று இளக்குகிறாள். கனடாவின் வடக்கே, ஹட்சன் விரிகுடாக் கரையில் வாழும் இனுவிட் மக்களை வைத்து ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தில் வரும் காட்சி இது. 1922-ல் வெளியான படம். முதல் தடவை பார்த்தபோது நானும் அந்த வீட்டுக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்தேன்.

அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. நிஜமான பனிவீட்டுக்குள் கேமராவுக்கு இடமும் இல்லை, வெளிச்சமும் போதாது. அதனால் வழக்கத்தைவிடப் பெரிதாக ஒன்றைக் கட்டி, ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். நாம் பார்க்கிற குடும்பம் சுவர் பாதி இல்லாத வீட்டில், வெட்டவெளிக் குளிரில்தான் படுத்து எழுந்தது. படத்தின் நாயகனான அந்தக் கணவரின் உண்மைப் பெயரும் நானூக் இல்லை, அல்லாகாரியல்லாக். துப்பாக்கிக்குப் பழகியிருந்தவர்களைப் படத்துக்காக எறியீட்டி எடுக்கச் சொன்னார்கள்.

இதற்காக அந்தப் படத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. காலணியை மெல்லும் அந்த முகத்தை இன்றும் நான் மறக்கவில்லை. ஆனால் எந்தக் காட்சியைப் பார்த்தாலும், இதில் வெட்டி எடுத்த சுவர் எது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் வீட்டிலிருந்தபடி ஊர் பார்ப்பது எனக்குப் பயணமாக மாறியது.

உலகத்தை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆசை பழையது. ஆல்பெர் கான் என்ற பிரெஞ்சு வங்கியாளர் 1909-க்கும் 1931-க்கும் இடையில் பல நாடுகளுக்கு ஆள் அனுப்பி, கண்ணாடித் தகட்டில் எடுத்த சுமார் 72,000 வண்ணப் புகைப்படங்களைச் சேர்த்தார். இன்று அதைவிட அதிகம் நம் கைப்பேசியில் வந்து விழுகிறது. படத்துக்குப் பஞ்சமில்லை. ஓரிடத்தில் தங்கிப் பார்க்கிற பொறுமைக்குத்தான் பஞ்சம். அந்தப் பொறுமையை இனவரைவியல், அதாவது ஒரு மக்களோடு தங்கி அவர்கள் வாழ்க்கையைப் பார்த்து எழுதும் துறை, கற்றுக்கொடுக்கும். ஃப்ளாஹர்ட்டியின் படம் வந்த அதே 1922-ல்தான் பசிபிக்கில் நியூ கினி அருகே உள்ள டிரோப்ரியாண்ட் தீவுகளைப் பற்றிய மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கியின் நூலும் வந்தது. அவர் கிராமத்துக்கு நடுவே கூடாரம் போட்டு, அந்த மக்களின் மொழியைக் கற்று, மாதக்கணக்கில் தங்கியவர்.

எனக்கு மிகவும் நெருக்கமானது பிரெஞ்சு மானுடவியலாளரும் படமெடுப்பவருமான ழான் ரூஷின் கதை. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைப் படமெடுத்த அவர், சில ஆண்டுகள் கழித்து அதே வேட்டைக்காரர்களுக்கு அதைப் போட்டுக் காட்டினார். வேட்டை உச்சத்துக்கு வரும் இடத்தில் அவர்களுடைய வீரப் பாட்டையே பின்னணியில் சேர்த்திருந்தார். மகிழ்வார்கள் என்று நினைத்திருப்பார். அவர்களோ குறை சொன்னார்கள்: வேட்டையில் ஏது பாட்டு? தண்ணீருக்குள் இருந்தாலும் நீர்யானைக்குக் காது கேட்கும், சத்தம் வந்தால் ஓடிவிடுமே! ரூஷ் அந்த இசையை எடுத்துவிட்டார். நமக்குச் சிலிர்ப்பூட்டும் இசை, அந்த ஆற்றை அறிந்தவர்களுக்குப் பிழை. இப்போதெல்லாம் பயணப் படங்களில் பின்னணி இசை எழும்பும்போது, அங்கே அந்த நேரத்தில் உண்மையில் என்ன சத்தம் இருந்திருக்கும் என்று யோசிக்கிறேன்.

சரி, கேமராவையே அந்த மக்களிடம் கொடுத்தால்? 1966-ல் சோல் வொர்த், ஜான் அடேர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைத்தான் செய்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் நவாஹோ பழங்குடி மக்கள் சிலருக்குக் கேமராவை இயக்கக் கற்றுக்கொடுத்து, விரும்பியதை எடுக்கச் சொன்னார்கள். ஒரு பெண் தன் தாய் கம்பளம் நெய்வதை எடுத்தார். அதில் தறி வேலையைவிட நடைதான் அதிகம். அம்மா நடக்கிறாள், சாயத்துக்குச் செடி தேடுகிறாள், மறுபடி நடக்கிறாள். வெளியார் ஒருவர் தொகுத்திருந்தால் முதலில் வெட்டியிருப்பது அந்த நடையைத்தான். மகளுக்கோ, நெசவு அந்த நடையிலேயே தொடங்கிவிட்டது.

அடுத்து ஏதாவது ஊரைத் திரையில் பார்க்கும்போது, ஒன்றுமே நடக்காத மாதிரி தோன்றும் இடத்தில் வேகமாக ஓட்டிவிடாதீர்கள். யாரோ எங்கோ நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களோடு கொஞ்ச தூரம் போய்ப் பாருங்கள்.

நன்றி.