பர்ச்ஃபீல்டின் 29 ஆண்டுகள்

அவையோருக்கு வணக்கம். அகராதி தொகுப்பவர் என்றால் சொற்களுக்குத் தீர்ப்பு எழுதுகிறவர் என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ராபர்ட் பர்ச்ஃபீல்ட் அந்த நாற்காலியில் உட்கார மறுத்தவர்.

1923-இல் நியூசிலாந்தில் பிறந்தவர். போர்க்காலத்தில் பீரங்கிப் படையில் இருந்தார். அப்புறம் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 1957-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்குப் புதிய சொற்களைச் சேர்க்கும் துணைத்தொகுதி தயாரிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ஒரே தொகுதி, ஏழு ஆண்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். நான்காம் தொகுதி வெளிவந்தது 1986-இல்! அகராதி வேலையில் இந்த மாதிரிக் கணக்கெல்லாம் எங்கே பலித்திருக்கிறது?

ஏன் இவ்வளவு காலம்? அகராதிக்காக மேற்கோள் எழுதிவைக்கும் சீட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே சொல். அடுத்து ஆண்டு, எழுதியவர், நூல், பக்கம். அதன் கீழ் அந்தச் சொல் வரும் வாக்கியம், ஒரு புள்ளிகூட மாறாமல். மார்கனிட்டா லாஸ்கி என்ற எழுத்தாளர் ஒருவரே சுமார் 2,50,000 மேற்கோள்களை எடுத்துக் கொடுத்தார். துப்பறியும் கதை, கடை விலைப்பட்டியல் என்று எதையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு சொல்லுக்கான சீட்டுகளை ஆண்டுவாரியாக அடுக்கினால்தான் அதன் பொருள் எப்போது திரும்பியது என்பது கண்ணில் படும்.

முன்னோர் கூச்சப்பட்டு ஒதுக்கிய கெட்ட வார்த்தைகளையும் 1972-இல் வந்த முதல் தொகுதியில் சேர்த்தார். யூதர்களைக் குறிக்கும் சொல்லுக்கு அகராதியில் இருந்த இழிபொருளை நீக்கக் கோரி ஒரு வணிகர் வழக்கே போட்டார். 1973-இல் அது தள்ளுபடியானது. மக்கள் அப்படிப் பேசியதற்குச் சான்று இருக்கிறது, இழிவழக்கு என்று குறிக்கலாம், அழிக்கக் கூடாது என்பது பர்ச்ஃபீல்டின் கட்சி. நானும் அவர் பக்கம்தான். ஆனாலும் அந்த வணிகரின் வலி புரியாமலில்லை. அகராதியில் ஏறிய வசைக்கு முத்திரை கிடைத்துவிட்டது என்றுதானே ஊர் நினைக்கும்?

சரி, அவர் எதையும் கழிக்கவில்லையா? கழித்தார். 1933-இன் பழைய துணைத்தொகுதியில் இருந்த அயல்மொழிச் சொற்கள் பலவற்றை அவர் விட்டுவிட்டதை 2012-இல் சாரா ஓகில்வி என்ற மொழியியலாளர் எடுத்துக்காட்டினார். உலக ஆங்கிலத்துக்குக் கதவைத் திறந்தவர் என்று பெயரெடுத்தவர் இதைச் செய்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஓய்வுக்குப் பின் ஃபவுலர் என்பவரின் புகழ்பெற்ற ஆங்கிலச் சொற்பயன்பாட்டுக் கையேட்டைத் திருத்தி எழுதி 1996-இல் வெளியிட்டார். சரியா தப்பா என்று கேட்டு வந்தவர்களிடம், யார் யார் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று நாவலையும் செய்தித்தாளையும் எடுத்து நீட்டினார். விதி கேட்டால் சான்று தருகிறாரே என்று பலருக்கு அவர்மேல் கோபம்.