வீட்டுக் கணினியில் விமானம்: முதலில் எதைப் போடுவது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கணினியில் விமானம் ஓட்டிப் பழக ஆசை, அதற்கான ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டுகிற மாதிரியே நடக்கிற மென்பொருள், எதை முதலில் போடலாம் என்று என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேட்கிறார்கள், பிள்ளைகளுக்காக அப்பா அம்மா கேட்கிறார்கள், ஓய்வு பெற்ற பெரியவர்களும் கேட்கிறார்கள். கேட்கும்போதே பாதிப் பேர் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள். யூடியூபில் ஒரு வீடியோ பார்த்திருப்பார்கள், மேகமும் மலையும் அப்படியே நிஜம் மாதிரி இருந்திருக்கும், அதுதான் வேண்டும். நான் சொல்லப்போவது ஒன்றே ஒன்றுதான், பேச்சு முடிவதற்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிவிடுவேன். முதல் சிமுலேட்டரைப் படத்தின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் கணினியில் அது திக்காமல் ஓடுகிறதா, ஒரு சின்ன விமானத்தை உங்கள் கையால் ஓட்டிப் பழக முடிகிறதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதற்கு ஒரு கதை இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே எட்வின் லிங்க் என்ற இளைஞரின் அப்பா பியானோவும் ஆர்கனும் செய்கிற தொழிற்சாலை வைத்திருந்தார். ஆர்கன் தெரியும் இல்லையா, பெரிய தேவாலயங்களில் குழாய் குழாயாக நிற்குமே, துருத்திக் காற்றால் ஒலிக்கிற வாத்தியம். லிங்குக்கு விமானத்தின் மேல் தீராத ஆசை. ஆனால் வானத்தில் ஏறிப் பாடம் படிக்க அன்றைக்கு ஏகப்பட்ட பணம் ஆகும். பாடத்தில் கொஞ்சத்தைத் தரையிலேயே முடித்துவிட முடியாதா என்று யோசித்தவர், ஆர்கனுக்கு வைத்திருந்த துருத்திகளையும் காற்றுப் பம்புகளையும் எடுத்து, குட்டி விமானம் மாதிரி ஒரு பெட்டி செய்து, அதன் அடியில் பொருத்திவிட்டார். உள்ளே உட்கார்ந்து குச்சியை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு துருத்தி சுருங்கும், இன்னொன்று உப்பும், பெட்டி இடப்பக்கம் சாயும். 1929-இல் அதற்குக் காப்புரிமைக்கும் விண்ணப்பித்தார்.

சரி, உலகம் ஓடிவந்து வாங்கியதா? இல்லை. முதலில் அதை வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டு ஏறி ஆடுகிற பொம்மையாகத்தான் பார்த்தார்கள். 1934-இல் அமெரிக்காவில் தபால் கொண்டுபோகிற வேலையை ராணுவ விமானிகளிடம் கொடுத்தார்கள். குளிர்காலம், இருட்டு, மூடுபனி. வெளியே ஒன்றும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுகிற பழக்கம் அவர்களில் பலருக்குக் கிடையாது. சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து விபத்துகள், பல இளம் விமானிகள் இறந்துபோனார்கள். அப்புறம்தான் லிங்கைக் கூப்பிட்டார்கள். அவர் வரவேண்டிய நாளில் நியூவார்க் விமான நிலையத்தில் எதிரே ஒன்றும் தெரியாத மோசமான வானிலை, இவர் எங்கே வரப்போகிறார் என்று அதிகாரிகள் கிளம்பவே தயாராகிவிட்டார்களாம். அந்த மேகத்துக்குள்ளிருந்து லிங்க் தானே விமானத்தை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்? ராணுவம் ஆறு பெட்டிகள் வாங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் கிட்டத்தட்ட 10,000 பெட்டிகள் செய்தார்கள், லட்சக்கணக்கானவர்கள் அவற்றில் பழகினார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே இருப்பவருக்கு வெளியே எதுவும் தெரியாது. எதிரே முட்கள் அசைகிற கருவிகள், காதில் ஆசிரியரின் குரல், அவ்வளவுதான். படம் என்று ஒன்று கிடையவே கிடையாது! அதில்தான் அத்தனை பேர் கற்றார்கள். வீட்டுக் கணினிக்கு புரூஸ் ஆர்ட்விக் எழுதிய முதல் சிமுலேட்டர் ஆப்பிள் 2 என்ற கணினியில் வந்தபோதும் வெறும் கோடுகள்தான். அந்தப் பரம்பரைதான் 1982-இல் மைக்ரோசாஃப்ட் பெயரில் வெளிவந்து இன்றுவரை தொடர்கிறது.

அதனால் முதலில் உங்கள் கணினியைப் பாருங்கள். விண்டோஸ் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ரேம் எத்தனை ஜிபி, தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். மைக்ரோசாஃப்டின் 2020 பதிப்பு குறைந்தபட்சம் 8 ஜிபி ரேமும் 150 ஜிபி இடமும் கேட்கிறது, 2024 பதிப்புக்குக் குறைந்தபட்சமே 16 ஜிபி ரேம். இரண்டுமே நிலப்பரப்பை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி டேட்டா போட்டு போனிலிருந்து இணையம் எடுக்கிற வீட்டில் அது எப்படி முடியும்? நல்ல கணினியும் நல்ல இணைப்பும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், அருமையான சிமுலேட்டர். சாதாரண லேப்டாப்பில் அதை இழுத்துப் பிடித்து ஓட்டினால் திக்கும். திக்கினால் என்ன ஆகிறது தெரியுமா? நீங்கள் கையை அசைக்கிறீர்கள், விமானம் தாமதமாகத் திரும்புகிறது, போதவில்லை என்று இன்னும் அசைக்கிறீர்கள், அது அளவுக்கு மீறிச் சாய்கிறது. கை பழகவே பழகாது.

பழைய கணினி என்றால் ஜியோ-எஃப்எஸ் இருக்கிறது. எதையும் நிறுவ வேண்டாம், பிரௌசரிலேயே ஓடும், இலவசம். கொஞ்சம் ஆழமாகப் போக வேண்டுமா, ஃபிளைட்கியர். தொண்ணூறுகளிலிருந்து தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிவருகிற திறந்த மூல மென்பொருள், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அதுவும் இலவசம்தான். ஒரு எச்சரிக்கை, இதே ஃபிளைட்கியரை வேறு பெயர் ஒட்டிக் காசுக்கு விற்கிறவர்கள் உண்டு, அவர்களிடம் பணம் கட்டாதீர்கள். அப்புறம் எக்ஸ்-பிளேன். ஆஸ்டின் மேயர் உருவாக்கியது. இறக்கையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியது, ஆனால் இலவச மாதிரிப் பதிப்பு உண்டு. அது உங்கள் கணினியில் ஓடினால் மட்டும் வாங்குங்கள்.

எதைப் போட்டாலும், தயவுசெய்து முதல் நாளே ஜம்போ ஜெட்டில் ஏறாதீர்கள். செஸ்னா 172-ஐ எடுங்கள். நான்கு பேர் உட்காருகிற, ஒற்றை இஞ்சின் விமானம், 1950-களிலிருந்து இன்றுவரை செய்கிறார்கள், உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் அதுதான். புறப்படும் இடம் உங்களுக்குத் தெரிந்த ஊராக இருக்கட்டும். திருச்சி என்று வைத்துக்கொள்வோம். ஓடுபாதை எண் 09, அதாவது மூக்கு கிழக்கே 90 டிகிரி பார்க்கிறது. இஞ்சினின் விசையைக் கூட்டிக் குறைக்கிற த்ராட்டிலை முழுக்கத் தள்ளுங்கள். வேகம் ஏற ஏற விமானம் தானாக இடப்பக்கம் ஒதுங்கும். கணினியில் கோளாறு என்று நினைக்காதீர்கள், சுழலும் ப்ரொப்பெல்லரின் வேலை அது, நிஜ விமானமும் அப்படித்தான் ஒதுங்கும், வாலில் இருக்கிற சுக்கானான ரடரை வலப்பக்கம் கொஞ்சம் கொடுத்து நேராக்க வேண்டும். வேகம் 55 நாட் (விமான வேகத்தை நாட் கணக்கில்தான் சொல்வார்கள்) வந்ததும் கைப்பிடியை மெதுவாக இழுங்கள், மெதுவாக. ஏறியதும் இடப்பக்கம் திரும்பி வடக்கே போனால் காவிரியும் கொள்ளிடமும் நடுவில் ஸ்ரீரங்கமும் வரும். திரும்பும்போது மூக்கு கீழே இறங்குகிறதா? லேசாக இழுத்துப் பிடியுங்கள். இறங்க வரும்போது 65 நாட். அந்த வேகத்தைப் பிடித்துவைப்பதுதான் பாதிப் பாடம், அதற்கு மலை மேகம் எதுவும் அழகாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஜாய்ஸ்டிக் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் எதுவும் வாங்க வேண்டாம். ஃபிளைட்கியரில் டேப் விசையை அழுத்தினால் மவுஸே கைப்பிடியாகிவிடும். ஆர்வம் நிலைத்தால், பிடியை முறுக்கினால் ரடர் திரும்புகிற மாதிரி, பக்கத்தில் த்ராட்டில் நெம்புகோலோடு இருக்கிற சாதாரண ஜாய்ஸ்டிக் ஒன்று வாங்குங்கள். கால் பெடல், ஸ்டீரிங் மாதிரி இருக்கிற யோக், இவையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நன்றி, வணக்கம்.