காதுச் சீழும் பள்ளிக் கிளினிக்கும்

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனின் ஏழைக் குடியிருப்புகளில் எத்தனையோ பிள்ளைகள் காதில் சீழ் வடிய வடியத்தான் பள்ளிக்கு வந்தார்கள். தட்டம்மையோ செங்காய்ச்சலோ வரும்; காய்ச்சல் இறங்கிவிடும், சீழ் மட்டும் நிற்காது. ‘வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும்’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். அது பெனிசிலின் வராத காலம். சீழ் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் இறங்கி, மூளைக்கும் பரவினால் உயிருக்கே ஆபத்து.

1907இல் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு சட்டம் வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை கட்டாயம் என்றது. சரி, சிகிச்சை? விரும்பினால் ஏற்பாடு செய்யலாம், அவ்வளவுதான். சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பினால், கூலிக்குப் போகிற தாய் எந்த மருத்துவருக்குக் காசு கொடுப்பாள்?

இந்தக் கேள்வியை விடாமல் கேட்டவர் மார்கரெட் மெக்மில்லன். சிறு வயதில் செங்காய்ச்சலில் காது கேட்காமல் போய், பதினான்கு வயதில்தான் மறுபடி கேட்கத் தொடங்கியவர். அக்கா ரேச்சலும் அவரும் சேர்ந்து 1908இல் லண்டனில் ‘போ’ (Bow) என்ற பகுதியில் பள்ளிக் கிளினிக் ஒன்றைத் தொடங்கினார்கள். சோப்புத் தொழிலதிபர் ஜோசப் ஃபெல்ஸ் பணம் கொடுத்தார். 1910இல் லண்டனின் இன்னொரு பகுதியான டெப்ட்ஃபோர்டில் கிளினிக் வந்தது.

அந்தக் காலப் பள்ளிக் கிளினிக்குகளில் காது வைத்தியம் பெரும்பாலும் நர்ஸ் கையில்தான். வெதுவெதுப்பான நீரைச் சிரிஞ்சால் பீய்ச்சிச் சீழைக் கழுவுவார். மெல்லிய கம்பி நுனியில் பஞ்சைச் சுற்றி உள்ளே ஒற்றி எடுப்பார். பஞ்சு நனைந்து வந்தால் புதுப் பஞ்சு, அது உலர்ந்து வரும்வரை. அப்புறம் கிருமி கொல்ல பெராக்சைடு சொட்டோ போரிக் பொடியோ போடுவார். (தயவுசெய்து இதை யாரும் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.) மருந்தைவிட முக்கியம், நாள் தவறாமல் காதைச் சுத்தம் செய்து உலர வைப்பது. தொலைவில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத் தினமும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட முடியுமா? பள்ளிக்குப் பக்கத்திலேயே கிளினிக் வேண்டும் என்று மெக்மில்லன் சகோதரிகள் மன்றாடியது இதற்காகத்தான்.

ஆனால் குணமாகிப் போன பிள்ளைகள் அதே நோயோடு திரும்பி வந்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத, நெரிசலான வீடுகள். அதனால் சகோதரிகள் 1911இல் டெப்ட்ஃபோர்டில் பெண் பிள்ளைகளுக்கு இரவு முகாம் தொடங்கினார்கள். குளித்துவிட்டு, திறந்தவெளியில் தூங்கலாம். 1914இல் அவர்களைவிடச் சின்ன வயதுப் பிள்ளைகளுக்காகத் திறந்தவெளி நர்சரி பள்ளியும் வந்தது.