சின்ன நாய்க்கு ஈறுதான் முக்கியம்

நேயர்களுக்கு வணக்கம்.

கால்நடை மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். பொமரேனியன், ஷிட்சூ, டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறிய இன நாய்களைத் தோல் அரிப்பு, காது வலி என்று எதற்காவது அழைத்து வருவார்கள். முகத்தைக் கிட்டே கொண்டுபோனாலே வாயில் துர்நாற்றம் அடிக்கும். கேட்டால், "நாய் வாய்னா நாறத்தானே டாக்டர் செய்யும்?" என்பார்கள். இல்லவே இல்லை. நலமான நாயின் வாய் அப்படி நாறாது. நாறினால், ஈறு ஓரத்தில் கிருமிகள் பெருகியிருக்கின்றன என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

நமக்குச் சொத்தைப்பல் வருவதுபோல நாய்க்கு அவ்வளவாக வருவதில்லை. அதன் உமிழ்நீரில் காரத்தன்மை கூடுதல் என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அதே காரத்தன்மை இன்னொரு தொல்லைக்கு வழிவிடுகிறது. பல்லின்மேல் படியும் வழவழப்பான கிருமிப் படலம் இரண்டு மூன்று நாளிலேயே இறுகிக் காரையாகத் தொடங்கிவிடும். படலமும் காரையும் ஈறுக்கு அடியில் இறங்கும்போதுதான் நிஜமான நோய் ஆரம்பமாகிறது.

இதில் சின்ன நாய்களுக்கு ஏன் இவ்வளவு பாதிப்பு? ஆளுயர கிரேட் டேன் நாய்க்கும் 42 பற்கள். கைக்குள் அடங்கும் சிவாவாவுக்கும் அதே 42. தாடை சுருங்கிய அளவுக்குப் பல் சுருங்கவில்லை. அதனால் பற்கள் இடித்துக்கொண்டும் கோணித் திரும்பியும் நிற்கின்றன. இடுக்கில் அழுக்கு தங்குகிறது. அதைவிடக் கவலை தருவது எலும்பு. கீழ்த்தாடையின் பெரிய கடைவாய்ப்பல்லுடைய வேர், சின்ன நாய்களில் தாடையின் அடி விளிம்புவரை போய்விடுகிறது. ஈறு நோய் அந்த இடத்து எலும்பைக் கரைத்துவிட்டால், சோபாவிலிருந்து குதித்ததற்கே தாடை முறியலாம். மேல் கோரைப்பல்லின் உட்புற எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே ஓட்டை விழும். டாக்ஸ்ஹண்ட் வகையில் இது அதிகம். ஓயாமல் தும்மும், மூக்கு ஒழுகும். வீட்டிலோ சளி என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

"நல்லாத்தானே சாப்பிடுது" என்பது நான் கேட்கும் இன்னொரு பேச்சு. நாய் வலியை மறைக்கும். பல் ஆடினாலும் சாப்பிடும். ஆகவே தட்டைப் பார்க்காதீர்கள், ஈறைப் பாருங்கள். வாயைத் திறக்கவே வேண்டாம். முகவாயைப் பிடிக்காமல், கட்டைவிரலால் மேலுதட்டை மட்டும் பின்பக்கமாகத் தூக்குங்கள். கடைசியில் பெரிதாக ஒரு பல் தெரியும். காரை சேருவது பெரும்பாலும் அங்கேதான். அதன் மேலே ஈறு விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோடு ஓடுகிறதா? லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிகிறதா? இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்துவிட்டால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரையத் தொடங்கிய பிறகு, மேலும் கரையாமல் தடுக்கத்தான் பெரும்பாலும் முடியும்.

மயக்க மருந்து என்றதும் பயப்படுகிறீர்கள். எனக்குப் புரிகிறது, இரண்டு கிலோ உடம்பை மயக்கத்தில் ஆழ்த்துவது எங்களுக்கும் விளையாட்டல்ல. அதற்காகத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்கிறோம், மூச்சுக்குழாயில் குழாய் வைக்கிறோம், இதயத்துடிப்பையும் உடல் வெப்பத்தையும் விடாமல் கண்காணிக்கிறோம். மயக்காமலே சுரண்டித் தருகிறோம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். விழித்திருக்கும் நாய்க்கு ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யவும் முடியாது, வேர்களை எக்ஸ்ரே எடுக்கவும் முடியாது. பல் வெள்ளையாகிவிடும், நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள், நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும்.

வீட்டில் செய்யக்கூடியதில் தினசரி பல் துலக்குவதற்கு ஈடாக எதுவும் இல்லை. முதலில் சில நாள் உதட்டைத் தூக்கித் தொட்டுப் பழக்குங்கள். பிறகு விரலில் நாய்க்கான பற்பசை, அதன் பிறகு மென்மையான சின்ன பிரஷ். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் சாய்த்துப் பிடித்து, வெளிப்பக்கம் மட்டும் தேய்த்தால் போதும். நாம் துலக்கும் பேஸ்ட் கூடாது. நாய் துப்பாது, விழுங்கிவிடும். சில பேஸ்ட்டுகளில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். ஈறு ஏற்கெனவே புண்ணாக இருந்தால் பிரஷைத் தொடாதீர்கள். முதலில் சிகிச்சை. வலியோடு தொடங்கினால் அது பிரஷைக் கண்டாலே ஓடும்.

கடிக்கக் கொடுக்கும் பொருளில் உங்கள் நகத்தை அழுத்திப் பாருங்கள். பதியவில்லை என்றால் அது பல்லை உடைக்கும். எலும்பு, மான் கொம்பு, குளம்பு மூன்றும் அந்த ரகம்தான்.

குட்டி வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு, ஏழு மாதமாகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருத்தடை அறுவைக்கு மயக்கம் கொடுக்கும்போதே அதையும் எடுத்துவிடலாம். வளர்ந்த நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கினாலோ, மூக்கில் ரத்தம் கலந்து ஒழுகினாலோ, வாயைத் தொட விடாமல் கத்தினாலோ, அடுத்த வாரம் பார்ப்போம் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே அழைத்துப் போங்கள்.

நன்றி, வணக்கம்.